கூட்டம் எப்படி?

ஜனவரி 2, வியாழன்

எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்துக்கு அமிலமும் கண்ணாடிக் குடுவையும் விற்கும் கடைக்காரர் கொடுத்த டைரி இது. வருஷா வருஷம் கொடுப்பார். நானும் வீட்டுக்குக் கொண்டுபோய், மளிகைப் பட்டியல் எழுத வைத்துக்கொள் என்று மனைவி சாரதாமணியிடம் கொடுத்துவிடுவேன். இந்த வருஷம் கொடுக்கவில்லை. அமில அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதன் சாவி ஆய்வக உதவியாளனான என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இருபத்தாறு வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம்.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். அன்றாடம் ஸ்டோர்ஸ், 2100 பங்கு. வாங்கிய விலை 214. போன ஆகஸ்டில் 71 வரைக்கும் விழுந்தது. இன்று 131.

ஏறிக்கொண்டிருக்கிறது. 214 வந்ததும் விற்றுவிடுவேன். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட எனக்கு வேண்டாம்.

ஜனவரி 3, வெள்ளி

நேற்று எழுதாமல் விட்டது: அந்தப் பணம் என்னுடையது இல்லை.

சாரதாவின் அப்பா இறந்த பிறகு சென்னிமலைப் பக்கம் இருந்த நிலத்தில் தன் பாகத்தை விட்டுக்கொடுத்து அவள் அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் செய்வதுதான். கையெழுத்துப் போட்டதற்கு அண்ணன் நாலரை லட்சம் கொடுத்தார். அவள் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. மகள் படிப்புக்கென்று மஞ்சள் பையோடு என்னிடம் நீட்டினாள். "மிருதுளா காலேஜுக்குங்க. உங்க பேர்லயே போஸ்ட் ஆபீசுல போட்டுடுங்க, எனக்கு அலைய நேரமில்ல."

அது தீபாவளிக்கு முந்தின வாரம். அவள் வேலை பார்ப்பது அதே அன்றாடம் ஸ்டோர்ஸின் பெருந்துறை ரோட்டுக் கிளையில். அவளைக் கூட்டிவரப் போனவன் உள்ளே நுழைய முடியவில்லை. பில் போட நின்ற வரிசை வாசலைத் தாண்டி செருப்புக் கடை வரை வந்திருந்தது. இந்தக் கம்பெனிப் பங்கு சந்தையில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. வரிசையைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். தீபாவளி வாரத்தில் எந்தக் கடையில்தான் வரிசை இல்லை? இது அன்றைக்குத் தோன்றவில்லை.

போஸ்ட் ஆபீசில் போட்டுவிட்டதாகவும் பாஸ்புக் பள்ளிக்கூட பீரோவில் பத்திரமாக இருப்பதாகவும் அவளிடம் சொன்னேன். இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது.

ஜனவரி 8, புதன்

134. பியூரெட் இரண்டு உடைந்திருக்கிறது. தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

139. பொங்கல் விற்பனை நன்றாக இருந்தால் இன்னும் ஏறும் என்று வில்சன் சார் சொன்னார். அவர் இயற்பியல் ஆசிரியர். பங்கு விஷயம் தெரிந்த ஒரே ஆள் இங்கே அவர்தான். எனக்கு எவ்வளவு இருக்கிறது, யார் பணம் என்பது அவருக்குத் தெரியாது.

விலை விழ ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சாயங்காலம் சாரதா வந்து முகம் கழுவியதும் டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பேன்.

"இன்னைக்குக் கூட்டம் எப்படி?"

"நல்ல கூட்டமுங்க. நிக்க நேரமில்ல."

என்ன விற்றது, எந்த ராக் காலியானது என்று பேச்சை நீட்டுவேன். அவளும் உற்சாகமாகச் சொல்வாள். போன வாரம் அவள் அக்காவிடம் போனில் பேசியது குளியலறைக்குள் இருந்த என் காதில் விழுந்தது. "கலியாணமாகி பத்தொன்பது வருசத்துல நான் என்ன வேலை செய்யறன்னு கேட்டதில்லக்கா. இப்ப தெனமும் டீயப் போட்டுக் குடுத்துட்டு உக்காந்து கேக்கறாரு. வயசாக வயசாக நல்லாயிட்டாரு."

ஊற்றின தண்ணீர் சில்லென்று இருந்தது. வெளியே வரக் கூச்சமாக இருந்ததால் இன்னும் ஐந்து நிமிஷம் உள்ளேயே நின்றேன்.

ஜனவரி 20, திங்கள்

147. பொங்கலுக்கும் கூட்டம் அள்ளியதாகச் சொன்னாள். ஆனாலும் முன்பு மாதிரி கால் வலிக்கிறது என்று சொல்வதில்லை. வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்காருவதும் இல்லை. உடம்பு பழகிவிட்டது போலிருக்கிறது. நல்லது.

தேதி முடியப்போகிற பிரெட்டைப் பாதி விலைக்கு வேலைக்காரர்களுக்குக் கொடுக்கிறார்களாம். தினமும் இரண்டு பாக்கெட் வருகிறது. மிருதுளா இன்று காலை, "அப்பா, நாம இட்லின்னு ஒண்ணு சாப்பிட்டுட்டு இருந்தமே, ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

ஜனவரி 22, புதன்

144. இறங்கியதும் போனை நாலு தடவை அணைத்துத் திறந்து பார்த்தேன். மூன்று ரூபாய்க்கு.

வில்சன் சாரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். தெரிந்தவர் ஒருத்தர் 214-க்கு வாங்கியிருக்கிறார், வாங்கின விலை வரும்வரை காத்திருக்கலாமா என்று. அவர் சிரித்தார்.

"மூர்த்தி, உங்க தெரிஞ்சவர் என்ன விலைக்கு வாங்குனார்னு அந்தப் பங்குக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஏறும், இறங்கும். இன்னைக்குக் கையில இந்தப் பணம் இருந்தா இதே கம்பெனிய வாங்குவாரான்னு கேளுங்க. வாங்க மாட்டேன்னா வித்துரணும்."

வாங்குவேனா? மாட்டேன். விற்றேனா? அதுவும் இல்லை. மூன்று லட்சத்தை எடுத்துக்கொண்டுபோய் நாலரை லட்சம் என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 31, வெள்ளி

158. மூன்று மாதக் கணக்கு வந்திருக்கிறது. நஷ்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது. புதிதாக வந்த நிர்வாகி கம்பெனியைச் "சீரமைக்கப்" போகிறாராம்.

"சீரமைக்கறதுன்னா என்ன சார்?"

"நஷ்டத்துல ஓடற கடைகளை மூடுவாங்க. அதைத்தான் மார்க்கெட் எதிர்பார்க்குது. அதான் ஏறுது."

ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம் நினைத்துக்கொண்டேன், பெருந்துறை ரோட்டுக் கடையில்தான் நிற்க நேரமில்லாத கூட்டமாயிற்றே. அதை எதற்கு மூடப் போகிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

178.

சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன்.

ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கப் போனவன் பெருந்துறை ரோடு வரை போய்விட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தக் கடைப் பக்கம் போனதில்லை. எதிரே பேக்கரியில் டீ சொல்லிவிட்டு நின்றேன். மாலை ஆறு மணி. சம்பள வாரத்துச் சனிக்கிழமை அல்லவா, வண்டி நிறுத்த இடம் இருக்காது என்று எதிர்பார்த்தேன்.

வாசலில் மூன்று வண்டி நின்றது. கண்ணாடிக்குள்ளே நாலு பில் கவுண்டரில் ஒன்றில்தான் விளக்கு. சாரதா கடைச் சீருடையான மெரூன் கோட்டைப் போட்டுக்கொண்டு பிஸ்கட் ராக்குக்கு முன்னால் தனியாக நின்றிருந்தாள். பின்னால் கையை விட்டு ஒவ்வொரு பாக்கெட்டாக முன்னுக்கு இழுத்து நிறுத்தினாள். இதை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஃபேசிங் என்பார்களாம். பின்னால் ஒன்றுமில்லாவிட்டாலும் முன் வரிசை நிறைந்திருக்க வேண்டும், வருகிறவர்களுக்கு ராக் நிறைய சரக்கு இருப்பது போலத் தெரிய வேண்டும். ஒரு ராக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். அதையும் முடித்தாள். யாரும் வரவில்லை. திரும்பவும் பிஸ்கட் ராக்குக்கே வந்தாள்.

நான் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு மணிக்கு வந்தாள். டீ கொடுத்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் தானாகக் கேட்டது.

"இன்னைக்குக் கூட்டம் எப்படி?"

"சனிக்கிழமையாச்சே. கேக்கோணுமா? ஜே ஜேன்னு இருந்துச்சுங்க."

ஏன் பொய் சொல்கிறாள் என்று கேட்க முடியவில்லை. கேட்டால் நான் ஏன் அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். ராத்திரி படுத்தபோது என் மனதில் ஓடியது இதுதான்: இந்தக் கடை நஷ்டத்தில்தான் ஓடுகிறது, மூடுவார்கள், மூடினால் 214 வந்துவிடும். பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிப்ரவரி 12, புதன்

183. பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு. உப்பு எண் ஏழில் லேபிள் மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, ஆசிரியர் கவனித்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

191. இன்றும் நல்ல கூட்டமாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

203-ல் முடிந்தது.

நாலரை மணிக்குப் பங்குச் சந்தைக்குக் கம்பெனி ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறது. போனில் படித்தேன். முப்பத்தெட்டுக் கடைகளை மார்ச் 15-க்குள் மூடுகிறார்கள். நாலாவது பக்கத்தில் பட்டியல். பதினேழாவது வரி: ஈரோடு, பெருந்துறை ரோடு.

கடையில் வேலை செய்கிறவர்களுக்குத் திங்கட்கிழமைதான் சொல்வார்கள் என்று வில்சன் சார் சொல்கிறார். "திங்கக்கிழமை காலைல பாருங்க, பிச்சுக்கிட்டு ஏறும்."

வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்ல வேண்டும். சொல்லத்தான் போகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சொல்லவில்லை. இரண்டு நாள் இருந்தும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் மெரூன் கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு, பட்டன் ஒன்று தளர்ந்திருந்ததைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

இன்று காலை 209-ல் திறந்தது. பதினொன்றாம் வகுப்பு செய்முறைத் தேர்வின் முதல் பிரிவு முடிந்து இரண்டாம் பிரிவு உள்ளே வருவதற்குள் குடுவைகளைக் கழுவ வேண்டும். கழுவிக்கொண்டே பார்த்தேன். 11.10-க்கு 214. ஈரக் கையோடு விற்றேன். தொடுதிரை ஈரத்தில் வேலை செய்யவில்லை. என் ஆய்வகக் கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். 2100-ம் போய்விட்டது. 214.20.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று சாரதா ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். பதினொரு மணிக்கு எல்லோரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்களாம். நான் விற்ற அதே நேரம்.

"மூடறாங்களாமுங்க. மார்ச்சு பதினஞ்சு வரைக்கும்தானாம். ஒரு மாசச் சம்பளம் சேர்த்துத் தருவாங்களாம்."

"அப்படியா" என்றேன். ஆச்சரியப்பட்ட மாதிரி புருவத்தைக்கூட உயர்த்தினேன். இந்த வயதில் இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று எனக்கே தெரியாது.

அவள் அழவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். "உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும். நீங்கதான் கடைய அவ்வளவு விசாரிப்பீங்க" என்றாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

பணம் வங்கிக்கு வந்து, அங்கிருந்து எடுத்து, மதியம் அனுமதி கேட்டுப் போய் போஸ்ட் ஆபீசில் போட்டுவிட்டேன். நாலு லட்சத்து ஐம்பதாயிரம். குறையில்லை. பாஸ்புக் கையில் இருக்கிறது. நான் சொன்ன பொய் இனிமேல் பொய் இல்லை.

டைரியை இத்துடன் நிறுத்திவிடலாம்.

மார்ச் 6, வியாழன்

நிறுத்த முடியவில்லை. அன்றாடம் இன்று 260. விற்ற பிறகு 46 ரூபாய் ஏறியிருக்கிறது. 2100-ஆல் பெருக்கினேன். 96,600. மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ரூபாய்கூட அதிகம் வேண்டாம் என்று இதே டைரியில் முதல் பக்கத்தில் எழுதியவன் நான்தான். சாரதாவின் வேலை போன அன்றைக்குக்கூட நன்றாகச் சாப்பிட்டேன். இதற்குச் சாப்பிடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கடையில் எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். ஊரே திரண்டு போகிறது. மிருதுளாவின் தோழிகள் வீட்டிலிருந்துகூடப் போய் அள்ளி வந்திருக்கிறார்கள். சாரதா ஒன்பது மணிக்கு வருகிறாள். வெந்நீர் வாளி மறுபடி வெளியே வந்திருக்கிறது.

நேற்றும் அப்படித்தான் காலை வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ரெண்டு வாரமா கடையப் பத்தி ஒண்ணுமே கேக்கறதில்லீங்களே."

"மூடப்போற கடைதானே" என்றேன்.

"அதுவுஞ் சரிதான்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். கடைசியாகக் கேட்டது பிப்ரவரி 22. விற்றதற்கு முந்தின சனிக்கிழமை. அதற்குப் பிறகு டீகூடப் போட்டுக் கொடுக்கவில்லை. நானாக நிறுத்தவில்லை. தேவை போனதும் அதுவாக நின்றுவிட்டது.

மார்ச் 17, திங்கள்

சனிக்கிழமையோடு கடை மூடியாகிவிட்டது. நேற்று ஞாயிறு. காலைப் பலகாரம் முடிந்து மிருதுளா படிக்கப் போனபின் சாரதா என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மிருதுளாவுக்கு ஜூன்ல பணங் கட்டோணும். என் சம்பளமும் இல்ல. போஸ்ட் ஆபீசுல எவ்வளவு ஆயிருக்குதுன்னு பாக்கலாமுங்க. ரெண்டு வருச வட்டி சேர்ந்து அஞ்சு சொச்சம் இருக்கோணும்."

வட்டி. இந்த டைரி முழுக்கத் தேடிப் பார்த்தேன், அந்த வார்த்தையை நான் ஓர் இடத்திலும் எழுதவில்லை. வாங்கின விலை வந்துவிட்டது, குறையில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாஸ்புக் பள்ளியில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தொகையைத்தான் பார்ப்பாள், அதற்குள் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினொரு வருஷம் கடையில் பால் பாக்கெட்டிலும் பிரெட்டிலும் தேதி பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. திறந்ததும் தொகைப் பக்கமே போகவில்லை.

"இது போன மாசத் தேதியால்ல போட்டிருக்குது."

சொல்லிவிட்டேன். தீபாவளி வரிசையிலிருந்து, 71 வரை, ஈரக் கை வரை எல்லாவற்றையும். பதினேழாவது வரியையும் சொன்னேன். பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமை பேக்கரியில் நின்றதையும் சொன்னேன். அவள் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் தாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

"பணம் வந்துருச்சுங்களா?"

"வந்திருச்சு. வட்டிதான் இல்ல."

"செரி." பாஸ்புக்கின் அட்டையைத் தடவினாள். "அப்ப, தெனமும் டீயக் குடுத்துட்டுக் கேட்டீங்களே. அது?"

நான் எதிரே இருந்த காலி டம்ளரைத் தள்ளி வைத்தேன். 

"கூட்டம்னு சொன்னா உங்க மூஞ்சி தெளியும். இல்லீன்னா வாடிப்போயிரும். நமக்காக இவ்வளவு வருத்தப்படறாரேன்னு நெனச்சேன். அதுக்கோசரந்தான் ஆறு மாசமா காலிக் கடைல நின்னுட்டு வந்து ஜே ஜேன்னு இருந்துச்சுன்னு சொல்லிட்டு இருந்தேன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. மதியம் சாப்பாடு போட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அமில அலமாரியில் இனி டைரிக்கு வேலையில்லை. இன்று வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.

மார்ச் 24, திங்கள்

டைரி ஒரு வாரமாக ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் அதைத் துடைத்து வைக்கிறாள். திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. தேவையானது பேசுகிறோம். பால், கேஸ், மிருதுளாவின் பரீட்சை.

மிருதுளா கேட்டாள், "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையாப்பா?" இல்லை என்றேன். அது உண்மைதான். சண்டை போட அவள் தயாராக இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

சாரதா ஒரு மருந்துக் கடையில் சேர்ந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை. தேதி பார்ப்பதில் கெட்டிக்காரி என்று ஒரு வாரத்திலேயே முதலாளி பாராட்டினாராம். மிருதுளா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றாடம் பங்கு இன்று என்ன விலை என்று எனக்குத் தெரியாது. போனிலிருந்து பங்குச் சந்தை ஆப்பை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் டீ போட்டேன். ஒன்றரை மாதம் கழித்துப் போட்டதில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. கொண்டுபோய் வைத்தேன். வாங்கிக்கொண்டாள். போய்விடலாமா, உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பதில் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்ற நினைப்போடு கேட்டேன்.

"இன்னைக்குக் கடைல எப்படி இருந்துச்சு?"

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது ஒரே ஆளு கடைங்க. பங்கெல்லாம் கெடையாது."